காண வருவோர்க்கும் வழி வேண்டும்

நமது கல்லூரியின் விளையாட்டு விழா முடிந்தபின், அதனைப் பற்றி இம்மலரில் எழுதுவது ஆண்டுதோறும் நிகழும் வழக்கம். எந்த விடுதியார் கேடயம் வென்றனர், எந்த ஓட்டத்தில் பழைய அளவு முறியடிக்கப்பெற்றது, எவர் மிகுதியான பரிசில்களைக் கொண்டு சென்றார் என்பனவெல்லாம் அங்கே செவ்வனே குறிக்கப்பெறும். அது நன்றே. ஆடினாரைப் போற்றுதல் கடன். ஆயினும், ஆட்டத்தைக் காண வந்தாரைப் பற்றி எவரேனும் நான்கு வரி எழுதியதாக யான் கண்டிலேன். காண்பார் இல்லாத விழா விழாவாகுமா? ஆடுவார் ஐம்பதின்மர் எனின், அவரை ஊக்கிக் குரல் கொடுப்பார் ஆயிரவர். அவ்வாயிரவருள்ளும் சிலரை நாம் வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றோம் என்பதை எடுத்துச் சொல்லவே இச்சிறு கட்டுரையை எழுதத் துணிந்தேன். சிறியேன் சொற்களிற் குற்றம் இருப்பின் ஆசிரியர்களும் தோழர்களும் பொறுத்தருள்க. பொருளில் உண்மை இருப்பின் ஏற்றருள்க.

சென்ற விழாவன்று யான் தொண்டர் படையிற் சேர்ந்து மைதானத்தின் வாயிலில் நின்றிருந்தேன். பிற்பகல் மூன்று மணியளவில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. அதிலிருந்து முதியவர் ஒருவரை மெல்ல இறக்கிச் சக்கர நாற்காலியில் அமர்த்தினர். அவர் நம் கல்லூரியின் பழைய மாணவர். தம் இளமையில் இதே மைதானத்தில் ஹாக்கி ஆடியவர். சில ஆண்டுகட்கு முன் பாரிசவாயுவால் வலப்பக்கம் செயலிழந்தவர். அன்று அவருடைய பேர்த்தி நானூறு மீட்டர் ஓட்டத்தில் ஓட இருந்தாள். அதனைக் காணும் பொருட்டே மகனோடும் மருமகளோடும் நெடுந்தூரம் பிரயாணம் செய்து வந்திருந்தார்.

வாயிற்கதவுகள் இரண்டில் ஒன்றே திறந்திருந்தது. மற்றொன்றிற் பூட்டுத் தொங்கியது. அதன் சாவி எவரிடம் உளது என்பது எவர்க்கும் தெரியவில்லை. நாற்காலியை ஒருக்களித்துச் சாய்த்து ஒருவாறு உள்ளே கொணர்ந்தோம். வாயிலுக்கும் காலரிக்கும் இடையே சரளைக்கல் பரப்பிய வழி; சக்கரங்கள் அதிற் புதைந்தன. காலரியை அடைந்தால் அதன் முதற்படியே முழங்கால் உயரம். நாங்கள் நால்வர் நாற்காலியோடு அவரைத் தூக்கினோம். அதனைக் கண்ட கூட்டத்தார் சிலர் கைதட்டினர். நல்லெண்ணத்தாலேயே தட்டினர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அம்முதியவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். மேலே சென்றபின் அங்கும் நாற்காலி நிற்பதற்குச் சமதளம் இல்லை. ஆகவே மறுபடியும் கீழே இறக்கி, ஓடுபாதையைச் சூழக் கட்டிய கயிற்றின் அருகே வெயிலில் அமர்த்தினோம். மகனும் மருமகளும் முறைவைத்து அவரருகே நின்றனர். உடன் வந்த மற்ற உறவினரெல்லாம் மேலே காலரியில்.

ஓட்டம் தொடங்கிற்று. கடைசி வளைவை அடைந்ததும் கூட்டம் முழுதும் எழுந்து ஆரவாரித்தது. கயிற்றோரம் அமர்ந்திருந்த இளைஞர்களும் எழுந்து நின்றனர். முதியவர் முன்னே முதுகுகளே மதிலாயின. ஆரவாரம் அடங்கியபின் அவர் என்னை நோக்கி, "தம்பி, நம்ம பிள்ளை எத்தனையாவதாக வந்தது?" என்று வினவினார். "இரண்டாவதாக வந்தார் ஐயா" என்றேன். அவர் மகிழ்ந்தார். ஆனால் தாம் காண வந்த அந்த ஒரு நிமிடத்தை அவர் காணவில்லை. பின்னர்த் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டா என்று கையசைத்தார். அவருடைய மகன் என்னைத் தனியே அழைத்து, "அப்பா காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, தம்பி. இங்கே கழிப்பிடத்துக்குப் போக வழி இருக்காது என்று அவருக்குத் தெரியும்" என்றார்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அச்சொல்லே. தாம் பயின்ற கல்லூரிக்கு, தாம் ஆடிய மைதானத்துக்கு விருந்தினராக வரும் ஒருவர், நாவறட்சியோடு வந்து நாவறட்சியோடு திரும்புவாராயின், அக்குறை அவருடைய உடலிலா உளது? நாம் கட்டிய படியில் உளது; நாம் பூட்டிய கதவில் உளது.

நண்பர்காள்! நம் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 'ஊனமுற்றோர்' என்ற பழஞ்சொல்லை விலக்கி, 'மாற்றுத்திறனாளிகள்' என்ற சொல்லை வழக்கிற்குக் கொணர்ந்தனர். தமிழ் பயில்வோனாகிய யான் அச்சொல்லை மகிழ்ந்து ஏற்கின்றேன். ஒருவரிடம் இல்லாததைச் சுட்டாமல் உள்ளதைச் சுட்டுவது அது. நம் கல்லூரி அறிவிப்புக்களிலும் இப்பொழுது அச்சொல்லே காணப்படுகின்றது. ஆயின், சொல்லை மாற்றிய நாம் படியை மாற்றினோமில்லை. மரியாதைச் சொல்லால் அழைத்துவிட்டு, ஏறவியலாத படியைக் காட்டுவது விருந்தோம்பலாகுமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

'இவ்வாறு வருவோர் மிகச் சிலரே. அச்சிலர்க்காக இத்துணைப் பாடு எற்றுக்கு?' என்று சிலர் கேட்பர். 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி இந்திய நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம் பேர். அஃதாவது நூற்றுவரில் ஒன்றரைப் பேருக்குச் சற்று மேல். நம் விழாவுக்கு 2,000 பேர் வருவதாகக் கொண்டால், அவ்விகிதப்படி முப்பதின்மர்க்குக் குறையாமல் வந்திருத்தல் வேண்டும். சிலருடைய குறை கண்ணுக்குப் புலப்படாது என்பதையும் மறந்தேனல்லேன். ஆயினும் வாயிலில் மாலைவரை நின்ற யான் கண்டவர் மூவரே. ஏனையோர் எங்கே? அவர்கள் வீட்டில் இருந்தனர். வழி இல்லை என்று அறிந்தவர் வருவதில்லை. அவர் வராமையைக் காட்டி நாம் வழி செய்வதில்லை. பாலம் இல்லாத ஆற்றங்கரையில் நின்றுகொண்டு, 'கடப்பார் எவரையும் காணோமே, பாலம் எதற்கு?' என்று கேட்பதை இஃது ஒக்கும்.

சட்டம் இதுபற்றி யாது கூறுகின்றது என்பதையும் அறிதல் நலம். ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்து ஓர் உடன்படிக்கையை ஏற்றது. 2007-இல் இந்தியா அதனை உறுதி செய்தது. விளையாட்டு நிகழும் இடங்களுக்குச் சென்று சேர வழியிருத்தல் வேண்டும் என்பது அவ்வுடன்படிக்கையின் 30-ஆம் உறுப்பிலேயே சொல்லப்பெற்றுள்ளது. அதனைத் தழுவி நம் நாட்டில் 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இயற்றப்பெற்றது. கல்வி நிலையங்கள் தம் கட்டடங்களையும் வளாகத்தையும் யாவரும் அணுகத்தக்கனவாகச் செய்தல் வேண்டும் என்றும், விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பிறரோடு ஒத்த வாய்ப்பு அளித்தல் வேண்டும் என்றும் அதன் 16-ஆம் பிரிவு விதிக்கின்றது. பொதுமக்கள் வந்து பயன்கொள்ளும் கட்டடம், கல்விக்குரியதாயினும் தனியாருடையதாயினும், பொதுக்கட்டடமே என்று அச்சட்டம் பொருள் வரையறுக்கின்றது. அத்தகைய பழைய கட்டடங்களைத் திருத்துதற்கு விதிகள் வெளியான நாள்முதல் ஐந்தாண்டு தவணை தரப்பெற்றது. விதிகள் வெளியானது 2017 ஜூனில். தவணை முடிந்தது 2022 ஜூனில். 2024 நவம்பர் 8-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், அவ்விதிகளுள் ஒன்று வெறும் பரிந்துரை போல அமைந்திருப்பது சட்டத்தின் கருத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்துக் கட்டாயமான விதிகளை வகுக்குமாறு மத்திய அரசாங்கத்துக்கு ஆணையிட்டது. ஆகவே யான் கேட்பது சலுகையன்று. இந்நாட்டுச் சட்டம் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட உரிமையையே கேட்கின்றேன்.

சட்டம் இருந்தும் அதனை நிறைவேற்றுவதில் எழும் தடை எத்தகையது என்பதற்கு, கல்லூரி விளையாட்டைப் பெருந்திருவிழாவாகக் கொண்டாடும் அமெரிக்க நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருவேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கு 1927-இல் திறக்கப்பெற்றது. ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் அமரத்தக்கது. அந்நாட்டில் 1990-இல் இயற்றப்பெற்ற மாற்றுத்திறனாளர் சட்டத்தின்படி, ஒரு பழைய கட்டடத்தை மாற்றியமைக்கும்பொழுது மாற்றிய பகுதியை யாவர்க்கும் ஏற்றதாகச் செய்தல் வேண்டும். அவ்வரங்கில் பெருவேலைகள் நடந்தபொழுது, அவை வெறும் பழுதுபார்த்தலா, மாற்றியமைத்தலா என்ற வாதம் எழுந்தது. உடல் செயலிழந்த முன்னாள் படைவீரரின் சங்கத்தார் 2007-இல் வழக்குத் தொடுத்தனர். மத்திய நீதித்துறையும் அவர்கள் பக்கம் சேர்ந்தது. 2008-இல் உடன்பாடு ஏற்பட்டது. 329 சக்கர நாற்காலி இடங்களும், ஒவ்வொன்றின் அருகிலும் உடன் வருவோர்க்கு ஒன்றாக 329 இருக்கைகளும் அமைக்கப் பல்கலைக்கழகத்தார் இசைந்தனர். வழக்காடிப் பெற்றது அது. வழக்கின்றியே செய்யும் வாய்ப்பு நமக்கு இருக்கின்றது.

என்னை? நம் பழைய காலரி விரிசல் கண்டுவிட்டமையால், அதனை இடித்துப் புதிது கட்டப் பழைய மாணவர் சங்கத்தார் நிதி திரட்டி வருகின்றனர். நூலகச் சுவரில் ஒட்டப்பெற்ற வரைபடத்தை யானும் கண்டேன். படிவரிசைகள் உள; கூரை உளது; வெற்றிக் கேடயங்களை வைத்தற்கு ஓர் அறையும் உளது. சாய்தளம் இல்லை. சக்கர நாற்காலி நிற்க ஓரிடமும் இல்லை. வரைபடம் தாளில் இருக்கும்வரை அதனைத் திருத்தப் பென்சில் ஒன்று போதும். காங்கிரீட்டு இறுகியபின் கடப்பாரை வேண்டும். ஆதலின் இதனை இவ்வாண்டு மலரிலேயே எழுதுகின்றேன். அடுத்த ஆண்டு எழுதிப் பயனில்லை.

யாது செய்தல் வேண்டும் என்பதைக் கூறாமற் குறைமட்டும் கூறுதல் அழகன்று. ஆகவே எனக்குத் தெரிந்த அளவில் சில கூறுவேன்.

முதலாவது, வழி. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது சாய்தளத்துக்கு யாண்டும் ஒப்புக்கொள்ளப்பெற்ற அளவு. காலரியின் கீழ்த்தளம் மூன்றடி உயரம் எனின், முப்பத்தாறு அடி நீளச் சாய்தளமும், இடையே இளைப்பாறச் சிறு சமதளமும், இருபுறமும் கைப்பிடியும் வேண்டும். இதற்கு மேற்பட்ட செங்குத்தில், பெயருக்கு ஒரு சாய்தளம் கட்டுவது படியினும் கொடிது. நாற்காலி பின்னோக்கி உருளும். வாயில் முதல் காலரி வரை சரளையை நீக்கிக் கெட்டியான தளம் இடுதல் வேண்டும். வாயிலின் இரு கதவுகளும் விழா நாளிற் திறந்திருத்தல் வேண்டும். இதற்குச் செலவு ஒரு காசும் இல்லை.

இரண்டாவது, இடம். எத்தனை இடம் என்று கேட்பார்க்கு, மேலே கூறிய அமெரிக்க நாட்டு அளவை ஒரு வழிகாட்டி. ஐந்நூற்றுவர் அமரும் அரங்குக்கு 6, ஆயிரவர்க்கு 10, ஐயாயிரவர்க்கு 36. ஆயிரவர் அமரும் நம் புதிய காலரிக்குப் பத்து இடம் ஒதுக்குதல் பெருஞ்சுமை ஆகாது. அவ்விடங்களை ஒரு மூலையில் ஒருசேர வைத்தலும் ஆகாது. ஒவ்வோரிடத்தின் பக்கத்திலும் உடன் வந்தவர்க்கு இருக்கை வேண்டும். விளையாட்டைக் காண வருவோர் தனியே காண வருவதில்லை. தம் மக்களோடும் தோழரோடும் இருந்து காணவே வருகின்றனர். அம்முதியவர்க்கு ஒரு மரத்தடி நிழலை நாம் தந்திருந்தாலும், உறவினரோடு இருக்கும் இன்பத்தைத் தந்தவராக மாட்டோம்.

மூன்றாவது, பார்வை. முன்னிருப்போர் எழுந்து நின்றால் பின்னிருப்பவர் யாது காண்பார் என்ற வினாவை அமெரிக்கர் நெடுநாள் வழக்காடித் தீர்த்திருக்கின்றனர். எழுந்து நின்று ஆரவாரித்தல் வழக்கமாகிய அரங்குகளில், நிற்போரைக் கடந்தும் பார்வை செல்லுமாறு சக்கர நாற்காலி இடங்கள் அமைதல் வேண்டும் என்பது 2010-இல் அவர்கள் வெளியிட்ட கட்டட அளவைகளுள் ஒன்று. 'நம்ம பிள்ளை எத்தனையாவதாக வந்தது?' என்று எவரும் அயலாரைக் கேட்கும் நிலை நேராமைக்கு இவ்விதியே மருந்து. அவ்விடங்களைச் சற்றே உயர்ந்த மேடையில் அமைத்தால் போதும்.

நான்காவது, கழிப்பிடமும் தண்ணீரும். சக்கர நாற்காலி நுழையும் அகலக் கதவும், உள்ளே திரும்ப இடமும், பிடித்து எழச் சுவரில் ஒரு கம்பியும் உள்ள கழிப்பிடம் ஒன்று மைதானத்தின் அருகே வேண்டும். இதனை எழுதவும் சிலர் நாணுவர். ஒரு மனிதர் பகல் முழுதும் நீர் அருந்தாமல் இருந்ததை அறிந்தபின் எனக்கு அந்நாணம் இல்லை.

ஐந்தாவது, காலால் இயலாதவரை மட்டுமே எண்ணி நின்றுவிடலாகாது. என் வகுப்புத் தோழர் ஒருவர் கண்பார்வை இல்லாதவர். விளையாட்டில் அவருக்குள்ள ஆர்வம் எங்களுள் எவர்க்கும் இல்லை. சென்ற பத்தாண்டுகளில் நம் கல்லூரி வென்ற கேடயங்களை ஒன்றும் விடாது ஒப்பிப்பார். விழாவன்று எவரேனும் அருகிருந்து, 'இதோ மூன்றாம் பாதையினர் முந்துகிறார், இதோ கோலை மாற்றினார்' என்று சொன்னாலொழிய அவர்க்கு விழா வெறும் இரைச்சலே. ஒலிபெருக்கியில் பிரமுகர் வருகையை அறிவிப்பவர், ஓட்டம் நடக்கும்பொழுதே அதனை எடுத்துரைப்பாராயின், பார்வையில்லாதார் அனைவரும் பயனடைவர். பார்வையுள்ள நாமும் அடைவோம். அவ்வாறே செவிப்புலன் இல்லாதவர்க்காக முடிவுகளைப் பெரிய கரும்பலகையில் உடனுக்குடன் எழுதி வைத்தல் வேண்டும். ஒரு பலகையும் சுண்ணக்கட்டியும் இரண்டு தொண்டர்களும் போதும்.

இனி மறுப்புக்களுள் மேன்மையானது ஒன்று உண்டு. 'நாங்கள் இளைஞர்கள் இருக்கின்றோம், தூக்கிச் செல்வோம், சாய்தளம் எதற்கு?' என்பதே அது. இதனைக் கூறுவோர் நல்லோர். யானும் அவருள் ஒருவனாகவே இருந்தேன். ஆனால் அன்று அம்முதியவர் கண்களை மூடிக்கொண்டதைக் கண்டபின் என் கருத்து மாறிற்று. தூக்கப்படுபவர் தூக்குவோரின் கையையும் காலையும் நம்பி இருத்தல் வேண்டும். ஒருவர் இடறினால் ஐவரும் விழுவர். மின்னாற்றலால் இயங்கும் நாற்காலிகளுள் நூறு கிலோவுக்கு மேற்பட்ட நிறையுடையனவும் உள. அவற்றை எவர் தூக்குவார்? அன்றியும், ஒவ்வொரு முறையும் பிறரை வேண்டி நிற்கவேண்டிய இடத்துக்கு மானமுள்ளவர் இருமுறை வாரார். கப்பர்நகூம் ஊரில் திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் சுமந்து வந்து, கூட்டத்தின் மிகுதியால் வாயில்வழி நுழைய இயலாது, கூரையைப் பிரித்து இறக்கிய வரலாற்றை நம் கல்லூரி ஆலயத்திற் பலகாற் கேட்டிருக்கின்றோம். சுமந்த நால்வரின் அன்பையே நாம் வியந்து பேசுவது. அது தக்கதே. ஆயினும் வாயிலை அடைத்துக்கொண்டு நின்ற கூட்டத்தாரைப் பற்றி நாம் பேசுவதில்லை. நால்வர் சுமந்து கூரையைப் பிரிக்க நேர்ந்தது எனின், வழியை எவரோ அடைத்திருந்தனர் என்பதே பொருள். சுமப்பாராக இருத்தல் நன்று. அடைப்பாராக இல்லாதிருத்தல் அதனினும் நன்று.

பொருட்செலவு என்பது மற்றொரு மறுப்பு. அதற்கு மறுமொழியாக நம் சென்னை மாநகரத்தையே காட்டுவேன். 2022 நவம்பரில் மெரினாக் கடற்கரை மணலின்மீது, அலைகளின் அருகு வரை சக்கர நாற்காலிகள் செல்லுமாறு மரத்தாலான பாதை ஒன்று திறக்கப்பெற்றது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதனைச் சேதப்படுத்தியது. பின்னர் அது மீண்டும் சீர்செய்யப்பெற்றது. புரளும் மணலிற் பாதை இட்டு, புயல் பெயர்த்ததை மறுபடி பொருத்தவும் இயலும் எனின், அசையாத நம் மைதானத்தில் முப்பத்தாறு அடிச் சாய்தளம் இயலாதா? அச்சாய்தளமும் மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டுமே பயன்படுவதன்று. ஊன்றுகோல் கொண்டு வரும் பாட்டனாரும், கைக்குழந்தையோடு வரும் தாயாரும், ஆட்டத்திற் கால் முறிந்து மாவுக்கட்டோடு தன் குழுவைக் காண வரும் நம் தோழனும் அதிலேயே ஏறுவர். இன்று நிமிர்ந்து ஓடும் நாம் ஒவ்வொருவரும், நெடுநாள் வாழும் பேறு பெற்றால், ஒருநாள் அதனைத் தேடுவோம்.

மாற்றுத்திறனுடைய வீரர்களைப் போற்றுவதில் நாம் பின்தங்கியவர் அல்லேம். சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016-இல் ரியோ நகரத்துப் பாராலிம்பிக் விளையாட்டில் உயரந்தாண்டிப் பொன் வென்றபொழுதும், 2021-இல் டோக்கியோவில் வெள்ளியும் 2024-இல் பாரிசில் வெண்கலமும் வென்றபொழுதும் நாடே ஆர்ப்பரித்தது. பாரிசில் இந்தியா பெற்ற பதக்கங்கள் 29; தமிழ்நாட்டுப் பெண்களாகிய துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் ஆகிய இருவரும் வெண்கலமும் பூப்பந்தாட்டத்திற் கொணர்ந்தனர். அவர்தம் படங்கள் நம் உடற்பயிற்சிக் கூடத்திலும் உள. ஆனால் பதக்கம் பெற்றவரை மட்டும் போற்றுவது எளிது. ஆட்டமே அறியாத, ஆனால் பேர்த்தியின் ஓட்டத்தைக் காண விழையும் எளிய ஒருவர்க்கு இருக்க இடம் தருவதிலேயே நம் போற்றுதல் மெய்யா பொய்யா என்பது விளங்கும். வெற்றி பெற்றால்தான் வாயில் திறக்கும் என்பது விருந்தோம்பும் முறையன்று.

திருவள்ளுவர் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில், பொறி இல்லாமை எவர்க்கும் பழியாகாது என்றும், அறியவேண்டியவற்றை அறிந்து முயலாமையே பழி என்றும் கருத்து அமைத்திருக்கின்றார். பொறி என்பதற்கு ஊழ் என்று பொருள் கண்டார் பரிமேலழகர். உடலுறுப்பு என்று கொள்வாரும் உளர். எப்பொருளைக் கொள்ளினும் இரண்டாம் பகுதி மாறுவதில்லை. இதுகாறும் அக்கருத்தை, உறுப்புக் குறையுடையார் முயலுதல் வேண்டும் என்று அவர்க்கு உரைக்கும் அறிவுரையாகவே யான் படித்து வந்தேன். இப்பொழுது அது நம்மை நோக்கி உரைக்கப்பெற்றதாகவே எனக்குத் தோன்றுகின்றது. அம்முதியவர் முயன்றார், நெடுந்தூரம் வந்தார், நீரும் அருந்தாது இருந்தார். அளவு இன்னது, சட்டம் இன்னது, செலவு இன்னது என்று அறிந்தும் முயலாமல் இருப்பவர் யாம். ஆகவே பழி எவர்மேலது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

முடிவாக, கல்லூரித் தலைவர் அவர்களையும், உடற்பயிற்சித் துறையாரையும், நிதி திரட்டும் பழைய மாணவர் சங்கத்தாரையும் பணிவோடு வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு. வரைபடத்தை இறுதி செய்யுமுன், சக்கர நாற்காலியில் வருவார் ஒருவரையும், கண்பார்வை இல்லாதார் ஒருவரையும், செவிப்புலன் இல்லாதார் ஒருவரையும் மைதானத்துக்கு அழைத்து, வாயில் முதல் காலரி வரை அவர்களோடு ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கே தடை உளது என்பதை அவர்கள் காட்டுவர். யான் எழுதியவற்றுள் விடுபட்டனவும் பிழைபட்டனவும் அப்பொழுது விளங்கும். மாணவத் தோழர்களை வேண்டுவது, காலரி எழும்வரை காத்திராமல், வருகிற விழாவிலேயே கதவைத் திறந்து வைப்போம். பலகையில் முடிவுகளை எழுதி வைப்போம். கயிற்றோரம் நாற்காலியில் இருப்பவர் முன்னே நில்லாமல் விலகி நிற்போம் என்பதே.

அம்முதியவரின் பேர்த்தி அடுத்த ஆண்டும் ஓடுவாள். அவருக்கு அழைப்பு அனுப்பும் பொறுப்பை யான் ஏற்றிருக்கின்றேன். 'வழி உண்டு, வருக' என்று அதில் எழுத விரும்புகின்றேன். அவ்வாறு எழுதுதற்கு இடம் தருமாறு கல்லூரியாரை வேண்டுகின்றேன். வாழ்க நம் கல்லூரி! அதன் வாயில் யாவர்க்கும் திறப்பதாக!